மேடையில் ஐந்து சின்னப்பா

நான் திருச்சிக்காரன். எங்கள் வீட்டில் பாட்டு என்றால் எம்.கே.தியாகராஜ பாகவதர்தான். அவர் காலத்தில் அவரைப்போலவே நடித்துப் பாடிய பி.யு.சின்னப்பாவா? "குஸ்திக்காரன், கொஞ்சம் பாடுவான்" என்பார் தாத்தா. அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

நண்பனின் குலசாமிக்குக் கிடா வெட்டு என்று திருமயம் பக்கம் போயிருந்தேன். கறிச்சோற்று மயக்கத்தில் கிளம்பிவிடலாம் என்றிருந்தவனை, ராத்திரி சின்னப்பா பாட்டுக் கச்சேரி இருக்கிறது என்று நிறுத்தி வைத்தார்கள். சின்னப்பா பாட்டு மட்டுமா, இரண்டு மணி நேரமா? சினிமாப் பாட்டுக்கு இந்த ஊரில் அவ்வளவு பஞ்சமா என்று தோன்றியது.

பாடியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். சந்தன நிற ஜிப்பா, மையிட்டுக் கறுப்பாக்கிய கிராப்பு. சின்னப்பா 1951இல் போய்ச் சேர்ந்தபோது வயது 35தான். அவரைப்போல் இரு மடங்கு வயதுக்காரர் அவராக நிற்பது முதல் பாட்டில் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது.

'ஜகதலப்பிரதாபன்' வந்ததும் வேடிக்கை அடங்கியது. 1944இல் வந்த அந்தப் படத்தில், பாடகராகவும் பக்கவாத்தியக்காரர்களாகவும் ஐந்து சின்னப்பாக்கள் ஒரே கச்சேரியில் உட்கார்ந்திருப்பார்கள். கேமரா செய்ததை இவர் உடம்பால் செய்தார். மேடையில் ஐந்து துண்டுகள் விரித்திருந்தன. பல்லவியை ஒரு துண்டில் பாடிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தார், தொடையே மிருதங்கம். அதற்கடுத்ததில் ஒரு பிளாஸ்டிக் குடம். மேல் ஸ்தாயியில் குரல் பிசிறடித்தபோது பாட்டை அப்படியே விட்டுவிட்டு, கடைசித் துண்டுக்குத் தாவிக் கொன்னக்கோலில் இறங்கிவிட்டார். முன்வரிசைக் கிழவிகள் விசிலடித்தார்கள். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் இருந்த புதுக்கோட்டைக்காரர் சின்னப்பாவுக்கு மகரக்கட்டு உடைந்து பாட்டு நின்றபோது, அவர் சிலம்பம், குஸ்தி என்று போனவர். பிசிறு தட்டினால் வேறு துண்டுக்கு மாறுவது புதுக்கோட்டைப் பழக்கம் போலிருக்கிறது.

கச்சேரி முடிந்து ரோட்டோரப் பரோட்டாக் கடையில் பாடகரைப் பிடித்தேன். அவித்த முட்டையை நறுக்கி வெங்காய மசாலாவில் பிரட்டிய முட்டைமாஸ் வந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"அய்யா, பாகவதர் பாட்டு ஒண்ணு பாடியிருக்கலாமே?"

தட்டைத் தள்ளி வைத்தார். "தம்பிக்கு எந்த ஊரு?"

சொன்னேன்.

"அதான பாத்தேன். ஒங்க ஆளு சந்தனத்தப் பூசிக்கிட்டு நின்ன எடத்துல பாடுவாரு. எங்க ஆளு கம்பு சுத்துவாரு, சண்டை போடுவாரு, ரெட்டை வேசங் கட்டுவாரு, அதுக்கும் மேல பாடுவாரு. 'உத்தமபுத்திரன்' பாத்திருக்கீகளா?"

1940இல் வந்த படம். நான் பார்த்தது 1958இல் வந்த சிவாஜி படத்தைத்தான். பேசாமல் இருந்தேன்.

"ஊருக்குள்ள அவர் வாங்கிப்போட்ட வீட்டுக்குக் கணக்கே கெடையாது. இதுக்கு மேல வாங்கப்படாதுன்னு ராஜாவே தடை போட்டாராம்!" இது சமஸ்தானத்துக் கதை. நிஜமோ பொய்யோ, புதுக்கோட்டையில் இதைச் சொல்லாத ஆள் இல்லை. "ஒங்க பாகவதருக்கு எந்த ராஜா தடை போட்டான்?"

'சிறையில்தான் போட்டார்கள்' என்று சொல்ல வந்து, விழுங்கினேன்.

சமாதானமாக இருக்கட்டுமே என்று இருவருக்குமாகக் காசை நீட்டினேன். பாடகர் என் கையை மறித்துத் தானே கொடுத்தார்.

"புதுக்கோட்டைக்காரன் காசுல முட்டைமாஸ் தின்னேன்னு ஊருக்குப் போனதும் பாகவதர் சமாதில சொல்லிப்புடுங்க, தம்பி."

ஐந்து துண்டுகளையும் மடித்துக் குடத்துக்குள் திணித்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தார்.