கடன் மட்டும் போதுமா?

பௌர்ணமி கிரிவலத்தில் பாதையோரம் ஓர் அக்கா ஜவ்வாதுமலை சாமையில் செய்த முறுக்கு விற்றுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பாக்கெட்டிலும் விலை, தேதி. விற்க விற்க நோட்டில் கணக்கு. "குழுவுல கத்துக்கிட்டது தம்பி. முன்னாடி செங்கல் சூளைதான்."

அதைக் கேட்டதும் ஓ.ஆர்.டி. ஞாபகம் வந்தது. ஏழை யூதர்களுக்குக் கைத்தொழில் பழக்க 1880-ல் ரஷ்யாவில் தொடங்கிய அமைப்பு. பிற்பாடு மும்பைக்கும் வந்தது. தானம் கொடுத்து அனுப்பிவிடாமல் தொழிலைக் கையில் கொடுப்பது அதன் வழி.

நம்மூரில் 1989-ல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்களிலும் பயிற்சி உண்டுதான். ஆனால் குழு என்றதும் நாம் கேட்கும் முதல் கேள்வி, "லோன் எவ்வளவு?" (நான் உட்பட!) லோனில் வாங்கிய கறவை மாட்டின் பாலை யாரிடம் ஊற்றுவது, தைத்த ரவிக்கைக்கு என்ன கூலி சொல்வது என்று உட்கார்ந்து சொல்லித்தர ஆள் வேண்டாமா?