மகுடத்தை மிதித்துவிட்டு உள்ளே வாங்க

லேண்ட்லார்டுன்னதும் நமக்கு மாசம் அஞ்சாம் தேதி வாடகைக்கு வந்து நிக்கிற வீட்டு ஓனர் முகம்தான் ஞாபகத்துக்கு வரும். பிரிட்டன் பக்கம் பப் நடத்துறவருக்கும் அதே பேருதான். அப்படி ஒரு பப்பையும் அதோட லேண்ட்லார்டுகளையும் பத்திதான் இந்தப் பதிவு. பப் இருக்கிறது வட அயர்லாந்தின் தலைநகர் பெல்ஃபாஸ்ட்டில், கிரேட் விக்டோரியா தெருவில். பேரு க்ரௌன் லிக்கர் சலூன். சலூன்னதும் முடிவெட்டுற இடம்னு நினைச்சுடாதீங்க :-)

இந்த இடத்தில் முதலில் கடை வைத்தவர் ஃபீலிக்ஸ் ஓ'ஹான்லன். அவர் வைத்த பேரு ரயில்வே டேவர்ன். ஆரம்பித்த வருஷம் 1826ன்னு சொல்வாங்க. பெல்ஃபாஸ்ட்டுக்கு ரயில் வந்ததே 1839-ல்தான். அப்போ ஒண்ணு வருஷம் தப்பு, இல்லைன்னா பேரு பின்னாடி வந்திருக்கணும். பழைய கடைகளுக்கு வயசைக் கூட்டிச் சொல்றது உலகம் பூரா உள்ள வழக்கம்தானே. ஓ'ஹான்லனுக்கு அப்புறம் மைக்கேல் பிளானகன் வாங்கினார். 1885-ல் அவர் மகன் பேட்ரிக் கைக்கு வந்ததும்தான் கதை சூடு பிடிக்குது.

பேட்ரிக் கட்டடக்கலை படித்த பிள்ளை. ஸ்பெயின், இத்தாலின்னு ஊர் சுத்திட்டு வந்தவர். அந்த நேரம் அயர்லாந்தில் கத்தோலிக்கத் தேவாலயங்கள் வரிசையாகக் கட்டிக்கிட்டிருந்தாங்க. அந்த வேலைக்காக இத்தாலியிலிருந்து கைவினைஞர்கள் வந்திருந்தாங்க. பகலில் கோயில் வேலை, சாயங்காலம் நம்ம கடை வேலைன்னு பேட்ரிக் அவங்களைப் பேசி இழுத்துட்டார்னு சொல்றாங்க. கடையைப் பார்த்தா நம்பத்தான் தோணும். வெளியே பல நிற ஓடு பதித்த முகப்பு. உள்ளே சிவப்பு கிரானைட் பதித்த நீள கவுண்டர், செதுக்கின மேற்கூரை, வண்ணக் கண்ணாடி ஜன்னல். கூடவே இன்னிக்கும் எரியுற கேஸ் விளக்கு. பீடத்தை எடுத்துட்டு பீர் குழாய் வச்ச மாதிரி!

எனக்கு ரொம்பப் பிடித்தது அங்கே இருக்கிற சின்னச் சின்ன மர அறைகள். ஸ்னக்னு பேரு. மொத்தம் பத்து, ஏ முதல் ஜே வரை எழுத்துப் போட்டு வச்சிருக்காங்க. கதவைச் சாத்திக்கிட்டா நீங்க யாருன்னு வெளியே தெரியாது. விக்டோரியா காலத்தில் குடிக்கிறதைவிட, குடிக்கிறதை நாலு பேர் பார்க்கிறதுதான் பெரிய மானக்கேடு. பெண்கள், ஊருக்குள் நல்ல பேர் எடுத்த பெரிய மனுஷங்க எல்லாருக்கும் இந்தக் கதவு வசதி. உள்ளே தீக்குச்சி உரச ஒரு உலோகத் தகடு. இன்னொரு ரவுண்டு வேணும்னா மணி அடிச்சாப் போதும், பெரிய பங்களாக்களில் வேலைக்காரங்களைக் கூப்பிடுற அதே ஏற்பாடு. நான் போன மழை நாளில் ஒரு ஸ்னக் காலியாக இருந்தது. ஆரஞ்சு ஜூஸை வச்சுக்கிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த மர வாசனைக்கு ஜூஸ் கொஞ்சம்கூடப் பொருந்தலை.

இனி அந்தப் பேரு. க்ரௌன், அதாவது மகுடம். பெல்ஃபாஸ்ட்டில் இது வெறும் பேர் இல்லை, கட்சி. பிரிட்டிஷ் மகுடத்துக்கு விசுவாசமானவங்க ஒரு பக்கம், தனி அயர்லாந்து கேட்டவங்க மறுபக்கம். பேட்ரிக்கின் மனைவி க்ரௌன்னுதான் வைக்கணும்னு ஒத்தைக்கால்ல நின்னாங்களாம். மனுஷன் சரின்னுட்டு, மகுடத்தை வாசல் தரையில் மொசைக்கில் பதிச்சுட்டாராம். வர்றவன் போறவன் எல்லாம் மிதிச்சுட்டுப் போகட்டும்னு! மொசைக் இன்னமும் அங்கேதான் இருக்கு.

கதை அருமை. ஆனா நான் முழுசா நம்பலை. அந்தக் காலத்துக் கடைகளில் வாசல் தரையில் பேரையோ சின்னத்தையோ மொசைக்கில் பதிக்கிறது சாதாரண வழக்கம். அது போக, ரயில் நிலையத்துக்கு எதிரே கடை போட்ட வியாபாரி, பாதி வாடிக்கையாளர்களை வேணும்னே சீண்டுவாரா? ஆனா அந்த ஊருக்கு இப்படி ஒரு கதை தேவைப்பட்டிருக்கு. மகுடம் பிடிச்சவனுக்குப் பேர்ப்பலகை, பிடிக்காதவனுக்குத் தரை. ரெண்டு பேரும் ஒரே கவுண்டரில் குடிக்கலாம். புத்தகத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒத்திக்கிற வளர்ப்பில் வந்த நான் என்ன பண்ணினேன்? கொஞ்சம் எட்டி வச்சுத் தாண்டிப் போனேன். எந்தக் கட்சியிலும் சேராம!

1960-களின் கடைசியிலிருந்து 1998 உடன்படிக்கை வரை நடந்த மோதலில் 3,500-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப் போனாங்க. க்ரௌனுக்கு நேர் எதிரே இருக்கிறது 1971-ல் திறந்த யூரோப்பா ஹோட்டல். பத்திரிகைக்காரங்க எல்லாம் தங்கின இடம். முப்பது முறைக்கு மேல் குண்டு வச்சிருக்காங்க அந்த ஹோட்டலுக்கு. 1993 மே மாசக் குண்டில் பக்கத்து ஓபரா ஹவுஸும் நாசமானது. எதிரே குண்டு வெடிச்சா இந்த வண்ணக் கண்ணாடி என்ன ஆகும்? உடையும். திரும்பப் பொருத்துவாங்க. மறுபடி உடையும்.

இதுக்கு நடுவில்தான் 1978-ல் நேஷனல் டிரஸ்ட் இந்தக் கடையை வாங்குது. பழைய மாளிகைகளையும் தோட்டங்களையும் வாங்கிக் காப்பாத்துற அறக்கட்டளை அது. வாங்கச் சொல்லி வற்புறுத்தினவர்களில் ஒருத்தர் அரசவைக் கவிஞர் ஜான் பெட்ஜமன். மூணு வருஷத்தில் 4 லட்சம் பவுண்டு செலவழித்துப் புதுப்பிச்சாங்க. 2007-ல் இன்னொரு 5 லட்சம். கடை கட்டின பேட்ரிக்குக்குக் கிடைக்கிற புகழில் பாதியாவது, குண்டு விழும் காலத்தில் கண்ணாடிக்குக் காசு போட்டவங்களுக்கும் கிடைக்கணும்னு எனக்குத் தோணுது. கடையை இப்போ நடத்துறது ஒரு பப் நிறுவனம். கட்டடத்துக்கு லேண்ட்லார்டு அந்த அறக்கட்டளை, நம்ம ஊர் அர்த்தத்திலேயே :-)

டிஸ்கி: 1947-ல் வந்த 'ஆட் மேன் அவுட்' படத்தில் இந்த பப் வரும். கரோல் ரீட் இயக்கம், ஜேம்ஸ் மேசன் நடிப்பு. பார்க்கிறவங்க கவனிங்க, அது அசல் கடை இல்லை, ஸ்டுடியோவில் போட்ட செட்.