ஒட்டுமுடியும் தலைத்தோலும்: ஜொகூர் பாருவில் ஒரு கைத்தொழில்

பசையால் ஒட்டும் முடித்துண்டு, வழுக்கை விழுந்த இடத்தை மட்டும் மூடும்படி அளவெடுத்துச் செய்யப்படுகிறது. மெல்லிய லேஸ் வலையிலோ பாலியூரித்தேன் படலத்திலோ மனித முடியை ஒவ்வொன்றாக முடிச்சிட்டிருப்பார்கள். முழுத் தலையையும் தொப்பி போல மூடும் விக்கை இரவில் கழற்றி வைத்துவிடலாம். ஒட்டுமுடி அப்படியல்ல. குளிக்கும்போதும் தூங்கும்போதும் நாட்கணக்கில் தலையிலேயே இருக்கும். அதன் வசதியும் தொல்லையும் இதிலிருந்தே வருகின்றன.

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் ஒன்றரை பாகையில் உள்ளது. வெயிலும் ஈரக்காற்றும் இங்கே ஆண்டு முழுவதும் உண்டு. பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்களில் பெருங்கூட்டம் மோட்டார் சைக்கிளில்தான் போகிறது. ஹெல்மெட்டுக்குள் வேர்க்கும் தலையில் முடித்துண்டும் ஒட்டியிருந்தால் வியர்வை வெளியேற வழியில்லை. லேஸ் வலை ஓரளவு காற்று விடும். பாலியூரித்தேன் படலம் விடாது. குளிர்நாட்டில் தயாரான பசைப்புட்டி மூன்று நான்கு வாரம் தாங்கும் என்று சொன்னாலும், இங்கே அதை நம்பி அத்தனை நாள் கழற்றாமல் விடக்கூடாது. அரிப்பு வந்தாலோ ஓரம் தூக்கினாலோ கழற்றிவிட வேண்டும்.

பசையில் பல வகை உண்டு. நாடக ஒப்பனைக்காரர்களின் ஸ்பிரிட் கம் என்பது ஆல்கஹாலில் கரைத்த மரப்பிசின். ஒரு மாலைக் கூத்துக்கு அது போதும். முடிதிருத்தும் கடைகளில் புழங்குபவை பெரும்பாலும் அக்ரிலிக் பசையும் இருபக்க டேப்பும். அக்ரிலேட் என்ற வேதிப்பொருள் குடும்பம் தோல் ஒவ்வாமைக்குப் பேர்போனது; அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2012இல் அதை ‘ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்’ என்று அறிவித்தது. சரம் சரமான சவுரியை ஒட்டும் பசை சிலவற்றில் ரப்பர் பால் கலந்திருக்கும். ரப்பர்த் தோட்டங்களால் வளர்ந்த ஜொகூருக்குப் பழகிய அதே பாலில் உள்ள புரதம், ஒவ்வாதவர்களுக்குச் சில நிமிடங்களிலேயே தடிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்கலாம். ரப்பர் கையுறை போட்டால் அரிக்கும் என்பவர் அந்தப் பசையைத் தொடவே கூடாது.

ஆகவே முதல் வேலை சோதனை. காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு பொட்டுப் பசையை வைத்து 48 மணி நேரம் பார்க்க வேண்டும். தாமதமாக எழும் ஒவ்வாமை அதற்கு முன் தலைகாட்டாமல் போகலாம். பசையைக் கரைக்கும் திரவத்தையும் இப்படியே சோதிக்க வேண்டும்; பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

ஒட்டும் நாளில் சவரக்கத்தியை விட மெஷின் நல்லது. கத்தி விடும் நுண்கீறல்களில் பசை இறங்கினால் எரியும். எண்ணெய்ப் பசை போகக் கழுவி, துடைத்து, நன்றாக உலரவிட வேண்டும். நீரில் கரைந்த அக்ரிலிக் பசை பூசும்போது வெள்ளையாக இருக்கும். ஈரம் வற்ற வற்றத் தெளியும். முழுதும் தெளிந்த பிறகே அடுத்த பூச்சு. தடித்த ஒரே பூச்சைவிட மெல்லிய இரண்டு மூன்று பூச்சு உறுதியானது. ஈரம் அடங்காத பசைமேல் துண்டை அழுத்தினால் பிடிப்பும் குறையும், தோலும் ஊறும். பரு, புண், உரிந்த தோல் இருக்கும் இடத்தில் பசை கூடாது. புற்றுநோய் மருந்தால் முடி உதிர்ந்தவர்களுக்கு ஒட்டாமல் அணியும் விக்தான் பொருத்தம்.

தோல் அதிகம் கெடுவது கழற்றும்போதுதான். உலர்ந்த பசையை இழுத்தால் தோலின் மேலடுக்கும் கூடவே உரிந்து வரும். மிச்சமுள்ள முடியும் வேரோடு போகும். நெற்றியில் துவாலையைக் கட்டி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, கரைப்பானைச் சிறு தூரிகையால் ஓரத்தில் மட்டும் தடவி, சில நிமிடம் விடுவது முறை. ஓரம் தானே இளகியபின் மெல்லத் தூக்கி, உள்ளே இன்னும் கொஞ்சம் தடவ வேண்டும். எங்கே பிடிக்கிறதோ அங்கே கை நிற்க வேண்டும். நகத்தால் சுரண்டக் கூடாது. அசிட்டோன் தோலை வறட்டும், தீப்பற்றும். ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் செய்த கரைப்பான் மென்மையானதுதான். ஆனால் திறந்து நாளானால் அதிலுள்ள லிமோனீன் காற்றோடு சேர்ந்து ஒவ்வாமைப் பொருளாக மாறும். தேங்காயெண்ணெய் ஓரத்தை இளக்கும். ஆனால் அதைக் கழுவாமல் மறுபடி ஒட்டினால் பசை பிடிக்காது. எச்சம் முழுதும் போனதும் மென்மையான ஷாம்பூவால் கழுவி, ஓர் இரவாவது தலையைக் காற்றாட விடுவது நல்லது.

இந்த நிதானத்துக்கு ஆள் வேண்டும். இந்திய முடிதிருத்தும் கடைகளுக்கு வெளிநாட்டுத் தொழிலாளர் எடுப்பதை மலேசிய அரசு 2009இல் நிறுத்தியது. 2023இல்தான் முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் தொழில் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேரை அனுமதிப்பதாக அறிவித்தது. ஆள் குறைந்த கடையில் வரிசை நீளும். கரைப்பான் ஊறும் நேரத்தைக் குறைக்கத் தோன்றும். வாடிக்கையாளருக்கு வரும் தொல்லை தொழிலாளிக்கும் வரும். அக்ரிலேட் மெல்லிய கையுறையையும் ஊடுருவும் என்பதால், நைட்ரைல் கையுறையை அடிக்கடி மாற்றுவதும், ஜன்னலைத் திறந்து வைப்பதும் அவர் கைக்கும் மூச்சுக்கும் காப்பு.

தொட்ட உடனே எரிந்து, பசை பட்ட இடத்தோடு நின்றால் அது பெரும்பாலும் வெறும் எரிச்சல். கழற்றிக் கழுவினால் அடங்கும். ஒன்றிரண்டு நாள் கழித்து அரித்து, சிவந்து, நீர் கசிந்து, எல்லை தாண்டிப் பரவினால் ஒவ்வாமை. அந்தப் பசையை அதன்பின் தொடக்கூடாது. சீழ்ப்பொக்குளம் மயிர்க்கால் அழற்சியின் அடையாளம். வீக்கம் கண்ணுக்கு இறங்கினாலோ மூச்சு இரைத்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். மற்றவற்றுக்குத் தோல் மருத்துவர் முதுகில் ஒட்டுச் சோதனை செய்து, எந்தப் பொருள் ஒவ்வாதது என்று கண்டறிவார். போகும்போது பசை, டேப், கரைப்பான் மூன்றையும் லேபிளோடு எடுத்துச் செல்ல வேண்டும்.