பெயர் ‘நடை’, காரியம் ஓட்டம்!

ஸான்பிரான்ஸிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைக் கடந்து வடக்கே போனால் மில் வாலி என்ற அழகிய சிற்றூர் வரும். ஜூன் மாதத்தில் போகிறவர்கள் டிப்ஸீ ஓட்டத்தைத் தவற விடாதீர்கள். 1905-ல் தொடங்கிய பந்தயம். ஏறக்குறைய ஏழரை மைல் தூரம். பெரும்பாலும் மலைக்காட்டு ஒற்றையடிப் பாதைதான்.

எடுத்த எடுப்பிலேயே சுமார் 700 படிகள்! ஏறி முடித்தால் மறுபுறம் மியூர் வனத்துக்கு இறக்கம். வானளாவிய செம்மரங்களை அண்ணாந்து பார்க்க யாருக்கு நேரம்? மறுபடியும் ஏற்றம். அந்த உச்சிக்குக் ‘கார்டியாக்’ என்று பெயர். இருதயத்தைச் சோதிக்கிற மேடாம்! அப்புறம் வேரும் கல்லுமாக இறங்கி ஸ்டின்ஸன் கடற்கரையில் போய் நிற்க வேண்டும்.

இதில் ஒரு விசித்திரம். சிறுவர்களும் முதியவர்களும் முன்னால் புறப்படலாம். பெண்களுக்கும் சில நிமிஷச் சலுகை உண்டு. கட்டிளங்காளைகள் கடைசியில்தான் கிளம்ப வேண்டும்.

ஆனால், சகோதரிகளே, அந்தக் காலத்தில் பெண்கள் பந்தயத்தில் ஓடக் கூடாது என்று தடை இருந்தது. ஆகவே 1918-ல் பெண்களுக்கென்று தனியாக ஒன்று நடத்தி, அதற்கு ‘நடை’ என்று பெயர் சூட்டினார்கள். நடந்தார்களா? ஓட்டமாய் ஓடினார்கள்! பெண்களின் தேகத்துக்கு ஆகாது என்று ஆட்சேபங்கள் கிளம்பின. 1922-க்குப் பிறகு அதுவும் நின்றது. பந்தயக் கதவு பெண்களுக்கு முறைப்படி திறந்தது 1971-ல்தான்.

2010-ல் முதலாவதாக வந்தவள் எட்டு வயதுச் சிறுமி. அவளைத் துரத்தி வந்து இரண்டாம் இடம் பெற்றவரோ, 68 வயதுப் பெண்மணி!