மொட்டை மாடியில் நெத்திலி

ஜூன் 9

படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பூனையைக் கூடையில் போட்டு, மேலே துண்டைக் கட்டி, வேப்பேரிக்குக் கொண்டுபோனேன். 1903-இல் தொடங்கிய கால்நடைக் கல்லூரியின் மருத்துவமனை. வரிசையில் முன்னால் ஒரு ஆடு, பின்னால் லாப்ரடார். ஆட்டுக்காரர் கூடைக்குள் எட்டிப் பார்த்து, “சினையா இருக்கே” என்றார். டாக்டர் அப்புறம்தான் சொன்னார்.

ஸ்கேனில் குட்டிகளின் இதயங்கள் படபடத்தன. ஆறு வாரம் இருக்கலாம். பூனைக்கு மொத்தமே ஒன்பது வாரம்தான். காய்ச்சல் 104. கண்ணில் பீளை, மூக்கடைப்பு, நாக்கில் புண். பூனைகளுக்கு வரும் வைரஸ் சளிக்காய்ச்சல். வயிற்றில் குட்டி இருப்பதால் டாக்ஸிசைக்ளின் கூடாது என்று வேறு மருந்து எழுதினார். கழுத்துத் தோலைத் தூக்கி விட்டார். படியாமல் அப்படியே நின்றது. உடம்பில் நீர் இல்லை. தோலுக்கடியில் திரவம் ஏற்றினார்கள்.

வாசலிலேயே அத்தை: “இந்த மூதேவிய எதுக்கு உள்ள கொண்டாந்தே?”

ஜூன் 10

சாப்பிடவில்லை.

ஜூன் 11

பூனை மூக்கால்தான் சாப்பிடுகிறது. மூக்கு அடைத்துவிட்டால் எதிரே இருப்பது தீனி என்றே அதற்குத் தெரியாது. சூடு பண்ணினால் வாசம் எழும். அதற்கு மீன்தான் சரி. எங்கள் அடுப்பில் மீன் ஏறியதில்லை, அத்தை இருக்கும்வரை ஏறாது. இண்டக்‌ஷன் அடுப்பை மொட்டை மாடிக்குத் தூக்கிப்போய், தண்ணீர்த் தொட்டி மறைவில் நெத்திலியை வெறும் தண்ணீரில் வேகவைத்தேன். உப்பு இல்லை. வெங்காயம் கூடவே கூடாது, பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும்.

எதிர்வீட்டு அக்கா அங்கிருந்தே கேட்டார்: “காய்ச்சலா? பாராசிட்டமால் பாதி கொடுத்துப் பாருங்களேன்.” பூனைக்கு அது விஷம். நல்ல மனசோடு எதையெல்லாம் நீட்டுகிறார்கள்!

ஊசி இல்லாத சிரிஞ்சில் கடைவாய் வழியாகச் சாற்றை விட்டேன். பாதி என் புடவையில்.

ஜூன் 12

டாக்டர் போனில் பேசினார். பூனை பட்டினி கிடந்தால் சில நாளிலேயே உடம்புக் கொழுப்பு போய்க் கல்லீரலை அடைத்துக்கொள்ளுமாம். “தாய் தாங்கணும் இல்லியா? காய்ச்சல் இறங்கினதும் ஆபரேஷன் பண்ணி, கர்ப்பப்பையோட எடுத்துடலாம். மயக்கமருந்தும் ஆபத்துதான். இல்லைன்னா இப்படியே பார்க்கலாம். நீங்கதான் சொல்லணும்.”

நான் சொல்வதாமே. தெருப்பூனை இது. இதற்கு ஒருநாள்கூட நான் பால் வைத்ததில்லை. காலையில், எடுத்துவிடட்டும் என்று தோன்றியது. பிறந்து ஆட்டோச் சக்கரத்துக்குப் போவதற்கு எதற்குப் பிறக்க வேண்டும்? மத்தியானம் வயிற்றில் கை வைத்தேன். உள்ளே ஏதோ புரண்டது. சாயங்காலம் மறுபடியும், எடுத்துவிடட்டும். இவரிடம் கேட்டதற்கு “உன் இஷ்டம்” என்றார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

ராத்திரி கீரை ஆய்ந்துகொண்டே அத்தை கேட்டார், “டாக்டர் என்னவாம்?”

சொன்னேன்.

“எனக்கு ரெண்டாவதுல இப்படித்தான் கேட்டாங்க. பெரிய உயிரா, சின்ன உயிரான்னு.”

“உங்ககிட்டயா அத்தை?”

“எங்கிட்ட யாரு கேட்டா? மாமா திண்ணையில இருந்தாரு. அங்க போய்க் கேட்டாங்க.”

“மாமா என்ன சொன்னார்?”

ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார். “கீரையெல்லாம் பூச்சி. நாளைக்கு வேற கடையில வாங்கு.”

இவர் ஒரே பிள்ளை என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஜூன் 13

டாக்டருக்குப் பதில் சொல்லவில்லை. குளியலறையில் கதவைச் சாத்தி, வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் பூனையோடு உட்கார்ந்திருந்தேன். ஒரே தும்மல். மூக்கு கொஞ்சம் திறந்தது.

மாடியில் மீனை நீட்டிக்கொண்டிருந்தபோது அத்தை ஏறி வந்தார், தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு எப்படி ஏறினாரோ.

“ஆறிப்போச்சு பாரு. ஆறினா அதுக்கு என்ன வாசம் தெரியும்? சூடு பண்ணு.”

பண்ணினேன். இரண்டு மீன் தின்றது.

ஜூன் 17

மருந்து கொடுக்கும்போது கடித்துவிட்டது. கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவினேன். பிறகு ரேபிஸ் தடுப்பூசி. இன்னும் பாக்கி ஊசிகள் இருக்கின்றன. ஆபீசில் லீவு கேட்டபோது சிரித்தார்கள். நன்றி கெட்ட ஜென்மம். இன்று அதன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை. மீனை அத்தைதான் வைத்தார்.

ஜூன் 24

101.8. பூனைக்கு இது காய்ச்சல் இல்லை. எடையும் ஏறியிருக்கிறது. குட்டி போட்டுப் பால் மறந்தபிறகு கருத்தடை செய்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர். ஆபரேஷன் பேச்சை அவராகவே விட்டுவிட்டார். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அத்தை கூப்பிட்டால்தான் வருகிறது. பெயர் அதேதான். மூதேவி.

ஜூன் 30

காலையில் 99.4. நூறுக்குக் கீழே இறங்கினால் ஒரு நாளுக்குள் பிரசவம். துணி விரித்து வைத்த அட்டைப்பெட்டியை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் அத்தையின் நூல்புடவைகள்மேல் ஏறிப் படுத்தது. இறக்கப் போனேன். “கெடக்கட்டும் விடு” என்றார் அத்தை.

பதினொன்றரைக்கு முதல் குட்டி. மூன்று நிறம், அப்படியென்றால் அநேகமாகப் பெட்டை. கத்துகிறது, குடிக்கிறது. அதோடு முக்கல் நின்றுவிட்டது. வயிறு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது. நடுவில் நிறுத்திவிட்டு மறுநாள் மிச்சத்தைப் போடும் பூனையும் உண்டாம். ஆனால் இருபது நிமிஷம் விடாமல் முக்கியும் ஒன்றும் வராவிட்டால் உடனே தூக்கிவரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்; அறுக்க வேண்டி வரலாம், தயாராக இருங்கள் என்றார். ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மணி இரண்டு. அத்தை அலமாரிக்கு எதிரே பலகை போட்டு உட்கார்ந்திருக்கிறார். என்னைப் படுக்கச் சொல்கிறார்.

“போனை இங்க வச்சுட்டுப் போ. டாக்டர் கேட்டா நான் பேசிக்கறேன்.”