காற்றுக்குழாய் மாற்றிய ஒரு ஞாயிறு

வெள்ளறடையிலிருந்து பனச்சமூடு வழியாகத் தமிழ்நாட்டுக்குள் நுழையச் சில நிமிடங்கள் போதும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. எல்லையோர இளைஞர்களிடம் அதனால் ஒரு நம்பிக்கை உண்டு: வண்டியில் மாற்றம் செய்தால் இப்புறம் பிடிப்பார்கள், அப்புறம் விட்டுவிடுவார்கள். மோட்டார் வாகனச் சட்டம் மத்தியச் சட்டம் என்பது அந்த நம்பிக்கைக்குத் தெரியாது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த வழக்கு கேரளத்திலிருந்தே சென்றது என்பது வேறு கதை.

ஆய்வு மாணவன் ஒருவன், தாமதமாக வந்த உதவித்தொகையின் பெரும்பகுதியைக் கொடுத்து, எண்ணெய் தோய்ந்த பருத்தி வடிகட்டியும் பளபளக்கும் அலுமினியக் குழாயும் வாங்கினான். கார் தந்தையுடையது, பழைய பெட்ரோல் வண்டி. வீட்டு முற்றத்தில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, கிளாம்புகளைத் தளர்த்தி, கறுப்புப் பெட்டியை வெளியே எடுக்க அரை மணிநேரமே ஆயிற்று. புதியதைப் பொருத்தி முடுக்கியபோது எஞ்சின் உறுமியது. அவன் அதை வலிமை என்று கேட்டான்.

மறுநாள் மலைப்பாதை ஏற்றத்தில் வண்டி திணறியது. எஞ்சின் எச்சரிக்கை விளக்கும் எரிந்தது.

மார்த்தாண்டத்திலிருந்து வந்திருந்த மாமன், ஓய்வுபெற்ற மெக்கானிக், பானெட்டைத் திறந்து பார்த்துச் சிரித்தார். “மக்களே, குளுந்த காத்து வர்ற எடத்த விட்டுட்டு, அடுப்புக்கு மேலயா மூக்க வச்சிருக்க?” பழைய பெட்டியின் வாய், விளக்குக்குப் பின்னால், வெளிக்காற்று வரும் இடத்தில் இருந்தது. புதிய கூம்போ எஞ்சினின் வெப்பத்துக்குள் நின்றது. 30 பாகைக் காற்று 60 பாகைக்குச் சூடேறினால் அதன் அடர்த்தி ஏறக்குறைய 9 விழுக்காடு குறையும். ஆக்சிஜனும் அவ்வளவே குறையும். கேட்ட உறுமலும் எஞ்சினின் ஆற்றல் அன்று. ஓசையை விழுங்குவதற்கென்றே பழைய பெட்டியில் இருந்த அறை இப்போது இல்லை, அவ்வளவுதான்.

விளக்கு எரிந்ததற்குக் காரணம் வேறு. உள்ளே வரும் காற்றை அளக்கும் உணரியில் சூடேற்றிய மெல்லிய கம்பி ஒன்று உண்டு. காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதைக் கொண்டே எரிபொருளின் அளவு தீர்மானமாகிறது. புதிய குழாயின் விட்டம் பெரிது. கம்பியைக் கடக்கும் காற்று மெதுவாகச் சென்று கணக்கைக் குறைத்துக் காட்டியது. போதாததற்கு, வடிகட்டிக்கு மாணவன் தாராளமாகத் தெளித்திருந்த எண்ணெயும் கம்பியில் படிந்திருந்தது.

மாமன் பழைய பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். அதனுள்ளிருந்த காகித வடிகட்டியைத் திண்ணையில் தட்டினார், செம்மண் குவிந்தது. எத்தனை ஆண்டுகளாக மாற்றவில்லை என்று தந்தையைக் கேட்டார். தந்தை பதில் சொல்லாமல், புதியது வாங்க ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாறசாலைக்குப் புறப்பட்டார். மாணவன் அலுமினியக் குழாயைத் துடைத்து, அது வந்த அட்டைப்பெட்டியிலேயே மீண்டும் அடுக்கினான். உறையில் சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்த, திருப்பி அனுப்புவதற்கான காலக்கெடுவை அப்போதுதான் படித்தான்.