காக்கையின் பொன் குஞ்சு

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். பொன் விளைந்த ஊரில் பிறந்த எனக்கு அந்தப் பழமொழி பிறரைக் காட்டிலும் சற்று அதிகமாகவே பொருந்தும். சென்ற ஆண்டு நானும் ஒரு குஞ்சு பொரித்தேன். அது ஒரு குறும்படம். 11 நிமிடம் ஓடும். பௌதிகம் படிப்பவனுக்குப் படம் எடுக்கும் வேலை எதற்கு என்று கேட்டால் என்னிடம் தக்க விடை இல்லை. ஆசை, அவ்வளவுதான். அப்படத்தைப் பார்த்தவர்கள் எனக்குக் கற்பித்த பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

கோலார் தங்க வயல் என்றதும் இன்று பலருக்கு 2018-இல் கன்னடத்தில் வந்த ‘கே.ஜி.எஃப்.’ படம் நினைவுக்கு வருகிறது. தமிழருக்கு 2024-இல் பா. ரஞ்சித் இயக்கிய ‘தங்கலான்’ நினைவுக்கு வரும். இரண்டும் பெரும் பொருட்செலவில் எழுந்த படங்கள். என் படத்தின் செலவு 9,000 ரூபாய். கருவி, நண்பனின் கைப்பேசி. நடிகர், என் தாத்தா. அவருக்குச் சம்பளம் இல்லை. நாள் ஒன்றுக்கு நான்கு தேநீர்.

கதையும் அவருடையதே. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் எங்களுடையது. தாத்தா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தரைக்குக் கீழே உழைத்தவர். அச்சுரங்கம் ஏறத்தாழ 3,200 மீட்டர் ஆழம் சென்றது. உலகின் மிக ஆழமான தங்கச் சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. நான் அதற்குப் பின் பிறந்தவன். பூட்டிய சுரங்க வாயிலையும், துருப்பிடித்த இரும்புக் கோபுரத்தையும், சயனைடு மேடுகளையும் மட்டுமே கண்டு வளர்ந்தவன். ஒரு கிழவர் காலையில் எழுந்து பூட்டிய வாயில் வரை நடந்து போகிறார், நினைவில் மீண்டும் சுரங்கத்துள் இறங்குகிறார், திரும்பி வருகிறார். இதுதான் படம். சுரங்கத்துள் போகும் பகுதியை ஒரு பழைய கற்கிடங்கில் இருட்டில் எடுத்தோம். அந்த மூன்று நிமிடத்திற்கும் சோகமான வயலின் இசையை இழைய விட்டேன். கேட்கும்போதெல்லாம் எனக்கே கண் கலங்கும். என் குஞ்சு பொன் குஞ்சு அல்லவா?

முதல் காட்சி பெங்களூரில் எங்கள் விடுதியில் நடந்தது. ஏறத்தாழ 30 நண்பர்கள் வந்தனர். படம் முடிந்ததும் கைதட்டல். நான் கதவருகே நின்றுகொண்டு, வெளியே வந்த ஒவ்வொருவரிடமும், “எப்படி இருந்தது? பிடித்ததா?” என்று கேட்டேன். “அருமை” என்றான் ஒருவன். “அழுதுவிட்டேன்” என்றான் மற்றொருவன். “இசை பிரமாதம்” என்று பலர் கூறினர். அன்றிரவு எனக்கு உறக்கமே வரவில்லை. விருது வாங்கும்போது என்ன பேசுவது என்று எண்ணிக்கொண்டு கிடந்தேன்.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் உள்ளம் உறுத்தியது. நான் நடத்தியது சோதனையா? விடையை முகத்தில் எழுதி வைத்துக்கொண்டு வினாக் கேட்டேன். என்னோடு ஒரே தட்டில் உண்பவன், கதவருகே நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும்போது, வேறு என்ன சொல்லுவான்?

என் ஊரே எனக்கு இதைச் சொல்லித் தந்திருக்க வேண்டும். தரைமேல் நிற்கும் நம் உள்ளங்கையைத் துளைத்துக்கொண்டு நொடிக்கு ஒன்றாவது மியூவான் என்னும் துகள் பாய்கிறது. வானத்திலிருந்து வரும் கதிர்களின் விளைவு அது. அந்த இரைச்சலுக்கு நடுவே நியூட்ரினோ என்னும் நுண்துகளைக் காண்பது அரிது. ஆகவே அறிவியலார் எங்கள் சுரங்கத்தைத் தேடி வந்தனர். 1965-இல், டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய, ஆங்கிலேய அறிஞரும் சேர்ந்து, சுமார் 2,300 மீட்டர் ஆழத்தில் கருவிகளை வைத்து, வளிமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். மேலே இருந்த பாறையெல்லாம் இரைச்சலை விழுங்கிக்கொண்டது. மெல்லிய உண்மை மட்டும் கீழே வந்து சேர்ந்தது. பிற்காலத்தில் அங்கு வந்த விஞ்ஞானிகள் தம்மோடு ஒரே கூண்டில் இறங்கியதைத் தாத்தா பெருமையாகச் சொல்வார்.

பாராட்டும் அத்தகைய இரைச்சலே. அன்பில் பிறந்த இரைச்சல்தான், ஆயினும் இரைச்சல். அது அடங்கும் இடத்திற்குப் படத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்தேன். இதற்கு முன்மாதிரியும் உண்டு. தமிழில் 1977-இல் ‘அக்கிரகாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம், பின்னர் கேரளத்தில் ஒடேசா என்னும் குழுவினருடன் மக்களிடமே பணம் திரட்டி, 1986-இல் ‘அம்ம அறியான்’ படத்தை எடுத்தார். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டினர். யாருடைய கதையோ அவர்கள் முன்னால் அதை வைப்பதுதானே நேர்மை?

பொங்கல் விடுமுறையில் எங்கள் லைனில் இரண்டு கம்பங்களுக்கிடையே வேட்டியைக் கட்டிப் படம் காட்டினேன். 40 பேர் இருப்பார்கள். இம்முறை மூன்று ஒழுங்குகளை வகுத்துக்கொண்டேன். ஒன்று: படத்திற்கு முன் ஒரு சொல்லும் விளக்கம் சொல்லக் கூடாது. இரண்டு: திரையைப் பார்க்காமல் பார்ப்பவர்களைப் பார்க்க வேண்டும், யார் எந்த நிமிடத்தில் அசைகிறார்கள், பேசுகிறார்கள், எழுந்து போகிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். மூன்று: “பிடித்ததா?” என்று கேட்காமல், “என்ன பார்த்தீர்கள்?” என்று கேட்க வேண்டும்; என்ன சொன்னாலும் மறுத்துப் பேசக் கூடாது. மூன்றாவதுதான் மிகக் கடினம் என்பதைப் பிறகு கண்டேன்.

படம் ஓடியது. நான் மிகவும் நம்பியிருந்த அந்தச் சுரங்கக் காட்சியில், ஐந்தாம் நிமிடத்தில், முன்வரிசையில் இருந்த கிழவர்கள் தமக்குள் பேசத் தொடங்கினர். ஒருவர் பீடி பற்றவைத்தார். என் வயலின் யாரும் கேளாமல் அழுதுகொண்டிருந்தது.

முடிந்ததும் கேட்டேன். நெடுநேரம் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு தாத்தாவோடு வேலை செய்த ஒரு பெரியவர் மெல்லச் சொன்னார்: “படம் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா உள்ளே பாட்டு ஏது?”

“அது மனத்தின் துயரத்தைக் காட்டுவதற்காக, தாத்தா” என்று சொல்ல நா எழுந்தது. ஒழுங்கு நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டேன்.

அவரே தொடர்ந்தார்: “உள்ளே போனா மொதல்ல காதைத்தான் கொடுக்கணும். கம்பியால கல்லைத் தட்டுவோம். கெட்டியா இருந்தா கணீர்னு பேசும். பிரிஞ்சிருந்தா பொத்துனு சத்தம் வரும். அதைக் கேட்டுத்தான் உயிரோட வீட்டுக்கு வந்தோம். நீ அந்த இடத்துல பாட்டு போட்டுட்டியே. பாட்டு கேட்டுக்கினு இருந்தா கல்லு பேசறது எப்படிக் கேக்கும்?”

எல்லாரும் தலையசைத்தனர். அழுத்தம் தாங்காமல் பாறையே வெடித்துச் சிதறும் விபத்துகள் எங்கள் சுரங்கங்களில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. அந்த மனிதர்கள் கேட்டுப் பழகிய மௌனத்தின்மீது நான் விலையில்லாத வயலின் ஒன்றை ஊற்றி மூடியிருந்தேன். விடுதியில் மிகுந்த பாராட்டைப் பெற்றதும் அதே இசைதான் என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும்.

அன்று எனக்கு வந்த வெட்கத்தைச் சொல்லி முடியாது. ஆறுதல் பிறகு ஒரு நூலகத்தில் கிடைத்தது. பிரெஞ்சுக்காரரான ஷான் ரூஷ், 1950-களின் தொடக்கத்தில் ஆப்பிரிக்காவின் நைஜர் ஆற்றில் நீர்யானை வேட்டையைக் குறும்படமாக எடுத்தார். அதை அந்த வேட்டைக்காரர்களுக்கே துணித்திரையில் போட்டுக் காட்டினார். வேட்டை உச்சம் அடையும் இடத்தில் அவர்களுடைய இசையையே சேர்த்திருந்தார். மகிழ்வார்கள் என்று எண்ணினார். அவர்களோ, வேட்டையின்போது அமைதி வேண்டும். இவ்வளவு ஓசை கேட்டால் நீர்யானை ஓடிவிடாதா என்று குறை கூறினர். ரூஷ் அவர்கள் சொன்னதை ஏற்றுக்கொண்டார். பின்னணி இசை பற்றிய அவருடைய எண்ணமே அதன்பின் மாறியது. அவ்வளவு பெரியவர் சறுக்கிய இடத்தில்தான் நானும் சறுக்கியிருக்கிறேன்!

ஆனால் கேட்டதையெல்லாம் செய்துவிட வேண்டுமா? அதுவும் ஆபத்தே. ஆர்சன் வெல்ஸ் எடுத்த ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ படத்தை 1942 மார்ச்சில் அமெரிக்காவின் பொமோனா நகரில் சோதனையாகத் திரையிட்டனர். இளைஞர் பலர் சிரித்தனர், வைதனர். வெல்ஸ் அப்போது பிரேசிலில் இருந்தார். படநிறுவனம் அஞ்சிப்போய் 40 நிமிடத்துக்கு மேல் வெட்டியெறிந்து, முடிவையும் மாற்றி, 88 நிமிடப் படமாக வெளியிட்டது. வெட்டிய பகுதி இன்று வரை கிடைக்கவில்லை. பார்ப்பவருக்கு வலிக்கும் இடம் தெரியும். மருந்தைத் தேட வேண்டியவன் படைத்தவனே. எங்கள் லைனிலும் ஒரு தம்பி, “அண்ணா, ஒரு சண்டை வையுங்க, நம்ம ஊர் படம்னா அதுதானே” என்றான். அவன் சொன்ன மருந்தை நான் வாங்கவில்லை. ஆனால் அவன் சலித்த இடம் ஆறாம் நிமிடம். கிழவர்கள் பேசிக்கொண்டதும் அதையொட்டியே. வேறு வேறு மனிதர் ஒரே இடத்தைத் தொட்டால் அங்கே புண் இருக்கிறது என்று பொருள்.

இன்னொரு குறையும் கேட்டேன். அதற்கு இன்றுவரை விடை இல்லை. படம் முடிந்து பெண்கள் எழுந்தபோது என் அத்தை கேட்டார்: “ஏண்டா, இதுல நாங்க எங்கடா?” சுரங்கம் மூடிய பின் எங்கள் ஊர் மாரிக்குப்பம் ரயிலில்தான் வாழ்கிறது. பொழுது விடியுமுன் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். அத்தையும் அவர்களுள் ஒருவர். அந்த உழைப்பால் படித்தவன் நான். 11 நிமிடத்தில் அவருக்கு ஒரு நொடியும் நான் ஒதுக்கவில்லை. இது வெட்டி ஒட்டித் திருத்தும் பிழை அன்று. அடுத்த படமாக எடுத்துத் தீர்க்க வேண்டிய கடன்.

வயலினை எடுத்துவிட்டேன். அதன் இடத்தில் என்ன வைப்பது? தாத்தாவிடமே போய் நின்றேன். திரையிட்ட அன்று ஒரு சொல்லும் சொல்லாதிருந்தவர், அன்று கொல்லையிலிருந்து ஒரு கடப்பாரையை எடுத்து வந்தார். கருங்கல் ஒவ்வொன்றாகத் தட்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார். “இது இல்லை” என்று தள்ளினார். ஏழாவதோ எட்டாவதோ கல்லில் நின்று, “இதைப் பிடிச்சுக்கோ” என்றார். அந்த ஓசையையும் அவர் மூச்சையும் மட்டும் பதிவு செய்து சேர்த்தேன்.

சித்திரைத் திருநாளன்று அதே வேட்டியில் மீண்டும் காட்டினேன். சுரங்கக் காட்சி வந்தது. கணீர், கணீர் என்று இரண்டு தட்டு. மூன்றாவதாக ‘பொத்’. முன்வரிசையில் பேச்சு நின்றது. உள்ளே பாட்டு ஏது என்று கேட்ட அதே பெரியவர் சட்டென்று தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார். மேலே கூரை ஏதும் இல்லை, வானந்தான் இருந்தது. இருந்தும் பார்த்தார். நான் அன்று யாரிடமும் ஒரு வினாவும் கேட்கவில்லை.

நண்பர்களே! நம் மன்றத்திலும் படம் எடுப்போர், கதை எழுதுவோர், நாடகம் போடுவோர் பலர் இருக்கிறீர்கள். உங்கள் குஞ்சைப் பொன் குஞ்சென்று கொஞ்சுங்கள், அதில் தவறில்லை. ஆனால் கொஞ்சி முடித்த பிறகு, பொன்னை அறிந்தவர்களிடம் ஒருமுறை தட்டிப் பார்க்கக் கொடுங்கள். அவர்கள் தட்டும்போது வாயை மூடிக்கொண்டு காதைத் திறந்து வையுங்கள். அடுத்த மாதம் மன்றத்தில் என் படத்தைத் திரையிட இருக்கிறேன். வாருங்கள், இம்முறை கதவருகே நிற்க மாட்டேன்.